நாற்சார் வீடு கட்டினால் ஏசி தேவைப்படாதா?

6 ஏப்ரல் 2024 – கேள்வி

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் நாலு பரப்புக் காணி. பழைய வீட்டை இடிச்சாச்சு. அண்ணை கனடாவிலிருந்து காசு போடுகிறார், நின்று கட்டுவிக்கிறது நான். பழைய நாற்சார் வீடு மாதிரிக் கட்ட விருப்பம். முன்னுக்கு நாலு தூண் வைத்த விறாந்தை, நடுவில் 8க்கு 8 அடி முற்றம், அதுக்கு மேலே மழை விழாமல் கண்ணாடிச் சீற், மிச்சம் முழுக்கக் கொங்கிறீற் பிளாற் (தட்டைக் கூரை). நடுமுற்றம் இருந்தால் வீடு தானாகக் குளிரும், ஏசி தேவைப்படாது என்பது என் வாதம். படம் கீறுகிறவர் சிரிக்கிறார். ஆர் சரி?

6 ஏப்ரல், இரவு

தம்பி, ஆசை நல்லது. படத்தில் பிழை இருக்கிறது.

நான் பிறந்தது அளவெட்டியில் ஒரு நாற்சார் வீட்டில். 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றபோது எனக்குப் பதினான்கு வயது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வரை அந்த வீட்டில் ஒரு ஃபேன் சுற்றவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் ஓஎல் சோதனைக்குப் படித்தேன். ஐந்து வருடச் சித்திரை வைகாசியையும் அந்த வீடு எங்களைத் தாங்கியது. அதனால் எனக்கு இது அழகு பற்றிய பேச்சு கிடையாது.

நாற்சார் என்றால் நாலு பக்கமும் சரிவாகச் சார் இறக்கிய ஓட்டுக்கூரை, உள்ளுக்குள் சுற்றிவர விறாந்தை, நடுவில் வானம் தெரிகிற முற்றம். முற்றம்தான் அந்த வீட்டின் மூச்சு. அதைக் கண்ணாடிச் சீற் போட்டு மூடினால் மூச்சை அடைக்கிறீர்கள். முதலில் அந்தச் சீற்றை எடுங்கோ.

7 ஏப்ரல்

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். படுத்துக் கிடந்து யோசித்தேன். முற்றம்தான் மூச்சு என்று எழுதிவிட்டேன், ஆனால் நினைவில் வருவது வேறு. சித்திரை மத்தியானத்தில் அந்த முற்றத்தில் காலே வைக்க ஏலாது. மிளகாய் காயப் போடுவதும், புழுக்கொடியல் காயப் போடுவதும் அங்கேதான். அம்மம்மா கிணத்தடியிலிருந்து வாளி வாளியாய்த் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பா, ஐந்து நிமிடத்தில் நிலம் காய்ந்துவிடும். நாங்கள் இருந்தது முற்றத்தில் இல்லை, உள்விறாந்தையில். வெயில் படாத சீமெந்துத் தரையில் பாயும் இல்லாமல் வெறும் முதுகோடு.

ஆகவே வேலை செய்தது கூரை. அரைவட்ட நாட்டு ஓடு, ஓட்டுக்கு ஓடு நூறு நீக்கல். மேலே வெயிலில் சூடாகிற காற்று அந்த நீக்கல்களால் வெளியே போய்விடும். முகடு இருபது அடி உயரத்தில் இருந்ததால் ஓட்டின் சூடு தலைக்கு எட்டவில்லை. தாவாரம் கீழே வரை இறங்கி இருந்தது, வளர்ந்த ஆம்பிளையள் குனிந்துதான் உள்ளே வருவார்கள். அதனால் ஒரு சுவரிலும் நேர் வெயில் விழவில்லை. முற்றம் செய்தது அதற்குப் பிறகான வேலை: உள்ளே சேர்ந்த சூட்டுக்கும் அடுப்படிப் புகைக்கும் ஒரு வாசல்.

அதோடு ஒப்பிட்டுக் கொங்கிறீற் பிளாற்றை யோசியுங்கோ. பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்திருந்து, இரவு ஒன்பது பத்து மணிக்கு நீங்கள் கட்டிலில் சரியும்போது கீழே இறக்கும். அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கோ, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி இருக்கும். அதுக்குக் கீழே எத்தனை முற்றம் வைத்தாலும் ஏசி வாங்குவீர்கள்.

படம் கீறுகிறவர் சிரித்ததற்குக் காரணம் இதுவென்றால் அவர் பக்கமும் நியாயம் உண்டு.

15 ஏப்ரல்

இன்று மத்தியானம் 12.10க்கு வெளிமுற்றத்தில் ஒரு அகப்பைக் காம்பை நட்டுப் பார்த்தேன். நிழல் இல்லை. சூரியன் நேரே உச்சியில்.

கேள்வி கேட்டவருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. இன்றிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை யாழ்ப்பாணத்தில் உச்சிவெயில் வடக்குப் பக்கமாகச் சாயும், ஆனி நடுவில் கிட்டத்தட்ட 14 பாகை. “வடக்குச் சுவரில் வெயில் விழாது, பெரிய கண்ணாடி வைக்கலாம்” என்று புத்தகம் பார்த்துச் சொல்கிறவர்கள் வேறு தேசத்துப் புத்தகம் பார்க்கிறார்கள். இங்கே வடக்குக்கும் தாவாரம் வேண்டும். கிழக்கும் மேற்கும் இன்னும் மோசம், சரிந்து வருகிற வெயிலைச் சாதாரணத் தாவாரம் மறிக்காது. அந்த இரண்டு பக்கத்திலும் விறாந்தையோ மரமோ வேண்டும். எங்கள் அளவெட்டி வீட்டில் மேற்கே ஒரு பிலாமரம் நின்றது. அதை நட்டவர் ஆரென்று தெரியாது, வீட்டுப் படத்தில் அதையும் கீறித்தான் நட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

21 ஏப்ரல்

“நீங்கள் இப்ப எந்த வீட்டில் இருக்கிறீங்கள் அக்கா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்ல வேண்டியதுதான்.

கோப்பாயில், 2016இல் நாங்கள் கட்டிய வீட்டில். ஓட்டுக்கூரை, முன்னும் பின்னும் விறாந்தை, நடுவில் 10க்கு 9 அடி முற்றம். முற்றத்தின் மேலே பொலிகார்பனேற் சீற், கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடுகிற பிளாஸ்ரிக். மேலே தம்பிக்கு வேண்டாம் என்று சொன்ன அதே மாதிரிச் சீற்றை நான் போட்டேன். கட்டினவர் “மழை, காகம், மரநாய், கள்ளன் எல்லாத்துக்கும் ஒரே தீர்வு” என்றார், எனக்கும் சரியாகப் பட்டது. ஓரம் நாலும் சிலிக்கன் வைத்து இறுக்கினார்கள்.

முதல் பங்குனியிலேயே தெரிந்தது. விறாந்தையில் தொங்கவிட்ட வெப்பமானி பின்னேரம் மூன்று மணிக்கு வெளியே மாமர நிழலில் இருந்ததைவிட மூன்று பாகை கூடக் காட்டியது. வீட்டுக்குள் வெளியைவிடச் சூடு! வெயில் சீற்றுக்குள்ளால் வருகிறது, தரையும் சுவரும் சூடாகின்றன, சூடான காற்றுக்கு ஏறிப் போக வழியில்லை. நாற்றுமேடைக்குக் கட்டுகிற கூடாரம் இதே விதத்தில்தான் வேலை செய்கிறது.

அம்மா வெள்ளிக்கிழமையில் சாம்பிராணி காட்டுவா. ஒரு நாள் தட்டை முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டுப் போனா. புகை நேரே ஏறியது, சீற்றில் முட்டியது, முட்டின இடத்தில் ஒரு பாயை விரித்த மாதிரிப் பரவி, மெதுவாக விறாந்தைப் பக்கம் இறங்கி, திரும்ப எங்கள் மூக்குக்கே வந்தது. ஒரு வருடமாக ஏன் புழுங்குகிறது என்று நான் தேடின காரணத்தை அந்தத் தட்டு இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டது.

அடுத்த கிழமையே சிலிக்கனை வெட்டினோம். சட்டத்தை ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்து, கம்பிவலை அடித்தோம். சீற்றுக்கு மேலே கிடுகு (பின்னின தென்னோலை) பரப்பினோம். திரும்பச் சாம்பிராணி. இந்த முறை புகை வலையை நோக்கிச் சாய்ந்து வெளியே போனது. வெப்பமானி மூன்று மணிக்கு வெளியோடு சமமாக நின்றது, சில நாள் ஒரு பாகை குறைவு. அளவெட்டி வீட்டின் குளிர் வரவில்லை. புழுக்கம் போய்விட்டது.

28 ஏப்ரல்

கரண்ட் பில் பற்றிக் கேட்டவருக்குக் கணக்கு.

ஒரு தொன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய ஒரு கிலோவாற் இழுக்கும். இரவு எட்டு மணித்தியாலம், மாதம் முப்பது நாள்: 240 யூனிற். இன்வேட்டர் ஏசி என்றால் பாதி என்று வையுங்கோ. சாதாரண சீலிங் ஃபேன் 60 முதல் 75 வாற், அதே எட்டு மணித்தியாலத்துக்கு மாதம் 14 முதல் 18 யூனிற். கரண்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி மோட்டர் ஃபேன் அதிலும் பாதி. எங்கள் நாட்டில் யூனிற் ஏற ஏற விலைப்படியும் ஏறும், 180 தாண்டினால் மேல்படி. 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் கூட்டினபோது ஏசி வீட்டுக்காரர் பட்ட பாட்டை ஒழுங்கை முழுக்கப் பார்த்தோம். 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் கிழமை பக்கத்து மூன்று மாடி வீட்டுச் சனம் எங்கள் பின்விறாந்தையில் வந்து படுத்தது. திறக்கிற யன்னல் அந்த வீட்டில் மூன்றே மூன்று.

சோலர் போட்டால் எல்லாம் சரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போடுங்கோ, நாங்களும் போட்டிருக்கிறோம். ஆனால் எங்களுடையது மாதிரி பற்றரி இல்லாத இணைப்பு, லைன் கரண்ட் நின்றால் தானும் நிற்கும். அந்த நேரம் வீடு தன் காலில் நிற்க வேண்டும்.

12 மே

ஜேர்மனியில் இருக்கிற என் தம்பி இதை வாசித்துவிட்டு ஒரு மணித்தியாலம் சண்டை. அவன் இருப்பது பாசிவ்ஹவுஸ் முறைப்படி, அதாவது வெப்பம் வெளியே போகாமல் இறுக்கி மூடிக் கட்டிய வீடு. அதன் முதல் வீடுகள், நாலு ஒட்டு வீடுகள், 1991இல் டார்ம்ஸ்ரட் நகரத்துக் கிரானிக்ஸ்ரைன் பகுதியில் எழுந்தவை. சதுர மீற்றருக்கு வருடம் 15 கிலோவாற் மணித்தியாலத்துக்குள் வெப்பமூட்டல் செலவு அடங்க வேண்டும் என்பது அவர்களின் அளவுகோல். “அக்கா, நீங்கள் வீடு முழுக்க ஓட்டை வைத்துவிட்டு எரிசக்தி மிச்சம் எண்டு சொல்லுறியள். இஞ்ச ஒரு யன்னல் ஓரத்தில காத்து வந்தாலே சோதனையில தோல்வி.”

அவனுடைய ஊரில் தை மாதம் வெளியே பூச்சியத்துக்குக் கீழே, உள்ளே இருபது. காக்க வேண்டிய வித்தியாசம் இருபது பாகைக்கு மேல். எங்களுக்கு வெளியே 33, உள்ளே 31 வந்தாலே பெரிய காரியம், மிச்சத்தை வியர்வையில் படுகிற காற்றுத்தான் தர வேண்டும். உடம்பில் மெல்லிய காற்றுப் பட்டாலே இரண்டு மூன்று பாகை குறைந்த மாதிரி இருக்கும். இறுக்கி மூடினால் அந்தக் காற்றை இழக்கிறோம். அதோடு இரவும் எங்களுக்கு அவ்வளவு குளிர்வதில்லை, ஈரக்காற்று. பாலைவன ஊர் மாதிரி தடித்த சுவர் இரவில் ஆறி, பகலில் குளிர் தரும் என்று நம்பிக் கட்ட ஏலாது. அளவெட்டி வீட்டுச் சுவர் ஒன்றரை அடி தடிப்பு, சுண்ணாம்புக் கல். அது குளிர்ந்து கிடந்ததற்குத் தடிப்பைவிட நிழலே பெரிய காரணம்.

13 மே

ஜேர்மனித் தம்பி சொன்னதில் ஒன்றை நேற்று தட்டிக் கழித்துவிட்டேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று, இருதயக்காரி. அவவின் அறையில் ஏசி இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு அறைக்கு அவன் சொல்வது முழுக்கச் சரி. யன்னல் ஓரம் இறுக்கி, கூரைக்குக் கீழே அலுமினியத் தாள் அடித்து, அதுக்கும் கீழே சீலிங் போட்டு மூடினோம். 26இல் வைத்தால் போதுமாக இருக்கிறது, முந்தி 22. வீடு முழுக்கத் திறப்பு, ஒரு அறை மட்டும் மூடல். இரண்டையும் குழப்பி, பாதி திறந்த வீட்டில் ஏசி போடுகிறவர்களுக்குத்தான் இரண்டு பக்கத்தாலும் நட்டம்.

9 யூன்

“பழைய தேக்கந்தூண் நாலு விலைக்கு வந்திருக்கு, வாங்கட்டோ?” என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்.

இதில் எனக்கு மனம் நோகிற கதை உண்டு. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு நாற்சார் வீட்டுத் தூண்களும் கதவுகளும் லொறியில் தெற்கே போனதைப் பார்த்தேன். எங்கோ ஒரு விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தில் அவை நிற்கும், தாங்குவதற்கு மேலே ஒன்றும் இல்லாமல். இடப்பெயர்வில் கூரை போன வீடுகள் எத்தனையோ. ஓடு போனால் மழை இறங்கும், மழை இறங்கினால் சுண்ணாம்புச் சுவர் கரையும், பத்து வருடத்தில் ஆலமரம் முளைத்த குட்டிச்சுவர். எங்கள் அளவெட்டி வீடும் அப்படித்தான் முடிந்தது. நான் எடுத்து வைத்திருப்பது ஒரு தூணின் அடிக்கல் மட்டும். உள்விறாந்தை மூலைத் தூண் அது. தூணுக்குக் கீழே மரம் நிலத்து ஈரத்தைத் தொடாமல் இருக்க வைத்த கல், மேலே தாமரை இதழ் கொத்தியிருக்கும். ஒரு பக்கத்து இதழ்கள் மட்டும் தேய்ந்து மழுங்கி இருக்கும். மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தால் தூணைப் பிடித்துச் சுற்றி ஓடினதில் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. இப்போது கோப்பாய் முற்றத்தில் துளசிக்குக் கீழே இருக்கிறது.

தம்பி, அந்தத் தூண்கள் கூரையைத் தாங்கப் போகின்றனவென்றால் வாங்குங்கோ. கொங்கிறீற் போர்ட்டிக்கோவுக்கு முன்னால் சும்மா நிற்பதற்கென்றால் வேண்டாம், அந்தக் காசை ஓட்டுக்கும் அதைத் தாங்குகிற பனஞ்சலாகைக்கும் போடுங்கோ.

பனை பற்றி: நன்றாக மூத்த மரத்தின் வெளிவட்டம்தான் வைரம். கறுத்த நார் ஊசி ஊசியாய் ஓடும், கை வைத்து இழுத்தால் சிராய் ஏறும். உள்ளே சோற்றி, அதை முழுக்கச் செதுக்கி எறிய வேண்டும். எறியாமல் விட்டால் கறையானுக்கு விருந்து. எங்கள் ஆசாரியார் ஒவ்வொரு சலாகையையும் நிலத்தில் போட்டு உளிப்பிடியால் தட்டிக் கேட்டார். கணீர் என்றால் ஒரு பக்கம், மொத்தென்றால் மறுபக்கம். நாற்பதில் ஏழு மறுபக்கம் போனது. மரம் தறிக்க அனுமதி வேண்டும், அதை முதலே எடுத்து வையுங்கோ.

சுண்ணாம்புச் சாந்து பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

30 யூன்

சோழகம் பிடித்துவிட்டது. இரண்டு நாளாக விறாந்தையில் பேப்பர் வைத்து வாசிக்க ஏலாது, கல் வைக்க வேண்டும்.

வீட்டைத் திருப்புவது இந்தக் காற்றுக்கு. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வருகிற இந்தக் காற்றுத்தான் எங்கள் வெக்கைக் காலத்துக்கு மருந்து. தெற்கிலும் மேற்கிலும் தாழ்வான பெரிய யன்னல், எதிர்ப் பக்கத்தில் உயரமான திறப்பு, நடுவில் மறிக்கிற சுவர் இல்லாமல். மாரியில் வாடை மழையைக் கொண்டு வடகிழக்கால் வரும், அந்தப் பக்கத்து யன்னலுக்குத் தாவாரம் ஆழமாக இருக்க வேண்டும்.

ஒழுங்கைப் பக்க மதில் பற்றியும் சொல்ல வேண்டும். முந்திக் கிடுகு வேலி, காற்று வடிந்து உள்ளே வரும். நெடுந்தீவில் முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள் இன்றும் நிற்கின்றன, அவற்றிலும் காற்றுக்கு நீக்கல் உண்டு. இப்போது எல்லாரும் ஏழடிச் சீமெந்துக் கல் மதில் கட்டுகிறோம். சோழகம் மதிலில் முட்டி வீட்டுக்கு மேலால் போகிறது, கீழே புழுங்குகிறது. தெற்கு மதிலில் மார்பளவுக்கு மேல் காற்றுப் போகிற துளையுள்ள கிராதிக் கல் வையுங்கோ.

நுளம்பு வலை அடித்தால் காற்றுக் கணிசமாகக் குறையும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யன்னலை இன்னும் பெரிதாக வையுங்கோ.

4 ஓகஸ்ட்

கட்டடக் கலைஞர் லோறி பேக்கர் மாதிரிக் கட்டலாமோ என்று கேட்டவருக்கு. அவர் கேரளத்தில் செய்த எலிப்பொறிக் கட்டு, செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவில் காற்று இடைவெளி விடுவது. நாலில் ஒரு பங்கு கல் மிச்சம். அது செங்கல் ஊருக்கு. இங்கே செங்கல் வெளியிலிருந்து லொறியில் வர வேண்டும், வாடகையே தின்றுவிடும். அவருடைய இன்னொரு முறை எங்களுக்குப் பொருந்தும்: பிளாற்றின் அடிப்பாதியில் கொங்கிறீற்றுக்குப் பெரிய வேலையில்லை, இழுவையைக் கம்பி தாங்குகிறது. அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து வார்ப்பது. கொங்கிறீற்றும் குறையும், சூடும் கொஞ்சம் குறையும். பிளாற் கட்டாயம் வேண்டுமென்றால் இதைக் கேளுங்கோ. மேலே வருடம் ஒரு தரம் பங்குனிக்கு முதல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும்.

சிறிய காணியில் முற்றம் சரிவருமோ என்ற கேள்விக்கு இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் பத்திக் துணிக் கலைஞர் எனா டி சில்வாவுக்கு 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடே பதில். வெளிப்பக்கம் மதில், உள்ளே முற்றங்களைப் பார்த்த அறைகள், மேலே ஓடு. முற்றம் திறந்தே இருந்தது. பிறகு அந்த வீட்டைக் கழற்றி, பாவாவின் தோட்டமான லுணுகங்கைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். எங்கள் தூண்கள் லொறியில் போன கதையோடு அதை வைத்துப் பார்க்கிறேன். ஒரு வீட்டைக் கழற்றித் திரும்ப வீடாகவே கட்டியிருக்கிறார்கள்.

28 நவம்பர்

மூன்று நாள் புயல் மழை. கூரைத் தண்ணீரை வாங்குகிற முற்றத்துப் பீலி நாலும் ஒரே தொட்டியில் விழுவதாக வைத்திருக்கிறோம், அங்கிருந்து குழாய் கிணத்தடிக்கு. செவ்வாய்க்கிழமை இரவு மாஞ்சருகு அடைத்துத் தொட்டி நிரம்பி, தண்ணீர் விறாந்தை விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றது. நானும் அவரும் சாரலுக்குக் குடையோடு முற்றத்தில் இறங்கிக் கையால் சருகு அள்ளினோம்.

கேள்வி கேட்ட தம்பி குறித்துக்கொள்ளுங்கோ: முற்றத்து நிலம் விறாந்தையைவிட ஒன்றரை அடி கீழே, வெளியேற்றக் குழாய் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல், வாயில் கழற்றிக் கழுவக்கூடிய வலை. எங்களுடையது நாலு அங்குலம். தைக்குப் பிறகு உடைத்து மாற்றுவோம்.

1 டிசம்பர்

மழை விட்டதும் தொட்டித் தண்ணீரை இறைத்துக் காய வையுங்கோ, தேங்கினால் நுளம்பு பெருகும். மார்கழி தையில் டெங்கு.

14 டிசம்பர்

கேள்வி கேட்ட தம்பி புதுப் படம் அனுப்பியிருக்கிறார். பிளாற் குளியலறைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் மட்டும். மிச்சம் ஓடு, முகடு பதினெட்டு அடி. முற்றம் 12க்கு 12, திறந்தது, கம்பிக் கிராதி. தூண் நாலும் உள்விறாந்தையில், கூரைக்குக் கீழே. படம் கீறுகிறவர் இப்போது சிரிக்கிறதில்லையாம், மேற்குப் பக்கம் பிலா வைக்கவும் அவரே இடம் விட்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். குசினி தென்மேற்கில் இருக்கிறது. சோழகம் அடித்தால் தாளித்த புகை முழுக்க வீட்டுக்குள் வரும். வடகிழக்குக்கோ கிழக்குக்கோ தள்ளுங்கோ. நேரில் பார்த்தால் சரியாகச் சொல்லலாம். அத்திவாரம் வெட்ட முதல் காணியில் நாலு தடி நட்டு அறைகளுக்குக் கயிறு கட்டி வையுங்கோ, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் அவரும் வருகிறோம். சாம்பிராணி நான் கொண்டு வாறன். தணல் மட்டும் உங்கள் வீட்டில் எடுத்து வையுங்கோ.